நீளமான பெப்ரவரி

கிருஷ்ணம்மா எழுதிய கம்பியூட்டர் நிரலில் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். ஏன் அப்படி எழுதினாள் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். உயர்தரம் முடித்துவிட்டு மாத்தளை டவுனில் கம்பியூட்டர் படித்தாள். சில தோட்டங்களை நடத்திய கம்பனி ஒன்று ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்தது. தொண்ணூற்றொன்பதில் அங்கே சேர்ந்தாள். சொல்லித்தர ஆளில்லை. தேவையானதையெல்லாம் தானே எழுதிக்கொண்டாள். பெயர்களை வரிசைப்படுத்த ஒரு துண்டு நிரல், திகதி கணக்கிட ஒரு துண்டு, இப்படி. அவையெல்லாம் அந்தக் கம்பியூட்டர் மொழிக்குள்ளேயே தயாராகக் கிடக்கின்றன என்று தெரிந்துகொள்ள வருஷக்கணக்கானது. அடுப்படியில் குழாய் இருப்பது தெரியாமல் தூரத்து ஊற்றுப் பீலியில் தண்ணீர் தூக்கியவளைப் போல இருந்தது.

கொழும்புக்கு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அலுவலகம் ஓர் அட்டை அடித்துக் கொடுக்கும். பெயர், தோட்டம், பிறந்த திகதி. தேசிய அடையாள அட்டையோடு அதையும் பையில் வைத்திருந்தால் சோதனைச் சாவடியில் கேள்வி குறையும். யுத்தம் முற்றிக்கொண்டிருந்த காலம். தமிழ்ப் பெயர் என்றாலே சந்தேகம். அட்டை இல்லாமல் யாரும் பஸ் ஏறுவதில்லை.

பிறந்த திகதியைத் தனியாகத் தட்ட வேண்டியதில்லை. அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே அது இருக்கிறது. முதலில் ஆண்டு, அடுத்து அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. அதைப் பிரித்துத் திகதியாக்குவதுதான் கிருஷ்ணம்மாவின் துண்டு.

இரண்டாயிரத்தெட்டு தொடக்கத்தில் புதிய கம்பியூட்டர்கள் வருவதாகச் சொன்னார்கள். வருவதற்கு முன் சொந்தத் துண்டுகளை எடுத்துவிட்டு, மொழியோடு வரும் கட்டளைகளைப் போடச் சொல்லித் தலைமை அலுவலகம் அறிவித்தது. கிருஷ்ணம்மா ஒவ்வொன்றாக அழித்தாள். பக்கத்து மேசை ஸரீனா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, எல்லாரிட பெப்ரவரியும் இருபத்தெட்டு. ஒங்கட ஊட்டு பெப்ரவரி மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?"

"அப்ப எனக்கு என்னா தெரியும்? எழுதத் தெரியாம எழுதியிருக்கேன்."

"லீப் வருஷம் எண்டு ஒண்டு ஈக்குதே, அதச் சரி கேள்விப்படல்லயா?"

இருவரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வரி போய் ஒரு வரி வந்தது. கிருஷ்ணம்மா தன் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தாள். சரி. ஸரீனாவின் இலக்கத்தைப் போட்டாள். அதுவும் சரி. இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

சித்திரைக்குத் தம்பி அழகமுத்து வந்தான். கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை. பழைய அட்டை வியர்வையில் ஊறிப் பிரிந்திருந்தது. அக்காவே புதிதாக அடித்துக் கொடுத்தாள்.

ஜூனில் கடை முதலாளி அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தார். இரவுச் சுற்றிவளைப்பில் அழகமுத்துவைக் கொண்டுபோய்விட்டார்களாம். ஒரு அட்டையில் பிறந்த நாள் பதினான்கு, மற்றதில் பதினைந்து என்று இருக்கிறதாம். எது கள்ள அட்டை என்று கேட்கிறார்களாம்.

கிருஷ்ணம்மா ஃபோனை வைத்துவிட்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். தம்பியின் இலக்கத்தைத் தட்டினாள். ஜூன் பதினைந்து. அவன் பிறந்தது பதினான்கு. அம்மாவின் இலக்கத்தைத் தட்டினாள். அதிலும் ஒரு நாள் கூடுதல். தன்னுடையதைத் தட்டினாள். சரி. அவள் லீப் வருஷத்தில் பிறந்தவள். ஸரீனா ஜனவரியில் பிறந்தவள்.

இப்போது நினைவும் வந்தது, காரணமும் விளங்கியது. அடையாள அட்டை இலக்கம் போடுகிறவர்கள் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் என்றே எண்ணுகிறார்கள். அன்று அதை எழுதும்போது வீட்டாரின் அட்டைகளையெல்லாம் வாங்கி வைத்து, திகதி சரிவரும்வரை மாற்றி மாற்றிப் பார்த்து, காரணம் விளங்காமலேயே இருபத்தொன்பது என்று போட்டாள். அழவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பழைய பிரதியிலிருந்து பன்னிரண்டு வரியையும் எடுத்துத் திரும்ப ஒட்டினாள். பதினான்கு வந்தது.

மனேஜர் புஹாரியிடம் போனாள். அவர் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்தினதுக்குப் பொறகு எத்தின அட்ட அடிச்சிருப்பம்?"

"நெறைய, சேர்."

"பிழை எண்டு கடிதம் குடுத்தா, எங்கட அட்டய இனி ஒருத்தனும் நம்பமாட்டான். எல்லாப் புள்ளயளயும் புடிப்பானுங்க."

"குடுக்காட்டி தம்பி வரமாட்டான், சேர். நான்தான் மாத்தினேன். எம் பேரப் போட்டே எழுதுங்க."

"ஒன்ட பேரயா? விசரா புள்ள ஒனக்கு? பேரப் பாத்தே ஒன்னயும் கூட்டிக்கிட்டுப் போவானுங்க."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கடிதத்தைச் சிங்களத்தில் அவரே தட்டெழுதினார். அலுவலகத் தவறு என்று போட்டு, கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். முத்திரையை இரண்டு முறை குத்தினார்.

அந்த வாரம் முழுவதும் பிழையான அட்டைகளைத் திருப்பி வாங்கிப் புதிது அடித்தார்கள். கொழும்பில் இருந்தவர்களுக்கு ஊர்க்காரர் கையில் கொடுத்தனுப்பினார்கள். எல்லாம் போய்ச் சேர்ந்தனவா என்று தெரியவில்லை.

அழகமுத்து ஆடி பிறந்த பிறகு வந்தான். மெலிந்திருந்தான். கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். அம்மா சோறு போட்டாள், தின்றான். இரண்டாம் நாள் கிருஷ்ணம்மா சரியான அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கவில்லை.

"பதினாலுன்னு சொன்னேன், ஒன் அட்டயக் காட்டி அடிச்சாங்க. பதினஞ்சுன்னு சொன்னேன், மத்தத காட்டி அடிச்சாங்க."

"பிழ என்னுதுடா."

"ம்."

அவள் அட்டையை அவன் சட்டைப்பையில் வைத்தாள். அவன் தடுக்கவில்லை.

அடுத்த திங்கள் அவனை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காது கேட்பது குறைந்திருந்தது. டவுனுக்கு வெளியே சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் அழகமுத்துவின் இரண்டு அட்டைகளையும் வாங்கி அருகருகே பிடித்துப் பார்த்தான். சிங்களத்தில் பிறந்த திகதியைக் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

அழகமுத்து வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"ஜூன் பதினான்கு," என்று கிருஷ்ணம்மா சிங்களத்தில் சொன்னாள்.

சிப்பாய் அவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். "இவருக்குப் பேச வராதா?"

"காது கேட்காது, மஹத்தயா."

அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தான். அவளே வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் ஏறினார்கள்.