யன்னல் வழியாக வந்த அம்மா

மூன்று வருடங்களுக்கு முன்பு, ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கம், ஏரிக்கரைக்குக் கிட்ட ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கினோம். நூறு வயதைத் தாண்டிய மூலை வீடு. பழைய வீடென்றால் என் கணவருக்கு ஒரு பைத்தியம். மாநகரசபை அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாகப் பதிந்து வைத்திருந்ததால் முன்பக்கத்தில் அனுமதியில்லாமல் எதையும் மாற்ற முடியாது. மற்றவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். இவர் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

எனக்கு அந்த வீடு பிடித்ததற்குக் காரணம் வேறு. கீழ்த்தளத்தில் ஏரியைப் பார்த்தபடி ஒரு அறை இருந்தது. அது அம்மாவுக்கு என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். அப்பா போனபிறகு அம்மா டோர்செட் பார்க் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தார். முந்திய பனிக்காலத்தில் குளியலறையில் விழுந்து, நான் போய்க் கதவைத் திறக்கும்வரை எழும்ப முடியாமல் கிடந்தார். இன்னொரு பனிக்காலம் அவரைத் தனியே விட எனக்குத் துணிவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சும் குடிபூரலுக்கு அம்மா வந்தார். காரை விட்டு இறங்கி வீட்டைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், திரும்பவும் வீட்டைப் பார்த்தார்.

"உது தெற்கு வாசல் பிள்ளை. நான் உள்ளுக்கு வரமாட்டன்."

கனடாவுக்கு வந்து நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த வெக்ஸ்போர்ட் வீட்டுக்கும் தெற்கு வாசல்தான். அங்கே இருக்கும்போதுதான் அப்பா மாரடைப்பில் போனார். அம்மாவின் கணக்கு அதோடு முடிந்துவிட்டது. நானோ ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். மாரடைப்புக்கும் வாசலுக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்கம் சொன்னேன். இப்போது இருக்கும் மாடி வீட்டில் திசை பார்த்தா குடிபோனீர்கள் என்றும் மடக்கினேன்.

"அது திறக்கிறது கொறிடோருக்குள்ள. அதுக்கேது திசை?" என்றார் அம்மா.

உள்ளே பால் பொங்கும்போது அம்மா வெளியே மேப்பிள் மரத்தடியில் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோபித்துக்கொண்டு வராமல் விட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் சிரித்த முகத்தோடு வருவார். முற்றத்துக் கதிரையில் இருந்து சாப்பிட்டுவிட்டு, "இஞ்ச காத்து நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கணவர் மாநகரசபைக்குப் போன் எடுத்து வாசலை மாற்றலாமா என்று கேட்டார். முடியாது என்றார்கள். அவருடைய பெருமையும் அதோடு கொஞ்சம் குறைந்தது. கோடையும் போய்க்கொண்டிருந்தது. குளிர் வந்தால் முற்றத்தில் யாரும் சோறு சாப்பிட முடியாது.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம், நடைபாதையில் ஒரு கூட்டம் வந்து நின்றது. எல்லோரும் வெள்ளைக்காரர்கள். எல்லோரும் எங்கள் வீட்டையே பார்த்தார்கள். அன்று எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தவர்களின் செருப்பும் சப்பாத்தும் வாசலில் மலைபோலக் குவிந்து கிடந்தன, நண்டுக்கறி வாசம் தெரு முழுக்க அடித்தது, மரத்தடியில் அம்மா மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துக் கையால் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முறைப்பாட்டுக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவர்களை இரண்டு சொல்லுக் கேட்கும் எண்ணத்தோடு விறுவிறு என்று நடந்தேன்.

கூட்டத்தின் முன்னால் தொப்பி போட்ட ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். நான் வாய் திறக்கமுதல் அவரே மன்னிப்புக் கேட்டார். அந்தப் பகுதியின் பழைய வீடுகளையும் அவற்றை வரைந்த கட்டடக் கலைஞர்களையும் பற்றிச் சொல்லி ஆட்களை நடத்திக் கூட்டிச்செல்பவராம். பிறகு, வீட்டின் பக்கச் சுவரைக் காட்டி, யன்னலுக்குக் கீழே இருக்கும் அந்தக் கல்லைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்.

அது நான் கறிவேப்பிலைச் சாடிகள் வைக்கும் கல். சாடிகளைத் தூக்கி ஓரமாக வைத்தேன். கல்லின் நடுப்பகுதி கால்பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது. மேலே பார்க்கச் சொன்னார். யன்னலைவிட அகலமாக ஒரு செங்கல் வளைவு. யன்னலுக்கு யாராவது படி வைப்பார்களா என்று கேட்டுச் சிரித்தார். வீட்டின் உண்மையான வாசல் அதுதான். ஏரியைப் பார்ப்பதற்கு யன்னல் போதும், வாசலை அந்தப் பக்கம் வைத்தால் ஏரிக் குளிர்காற்று வீட்டுக்குள் குடிவந்துவிடும் என்பது அதை வரைந்தவரின் எண்ணமாம். பின்னால் வாங்கிய யாரோ ஏரியழகுக்கு ஆசைப்பட்டு இதைப் பாதி அடைத்து, வாசலைத் திருப்பியிருக்கிறார்கள்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். கல்லில் ஏறி நின்று திசை பார்த்தார். கிழக்கு.

"கட்டினவன் சரியாத்தான் கட்டியிருக்கிறான். இடையில வந்தவன்தான் குழப்பிப்போட்டான்," என்றவர், என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, உந்த யன்னலைத் திறவுங்கோ."

எங்களுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. யன்னல் முழங்கால் உயரம்தான். கணவர் உள்ளே ஓடிப்போய்க் கண்ணாடியை மேலே தள்ளிக் கையை நீட்டினார். வெளியே ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் தொப்பிக்காரப் பெண் கேட்காமலே வந்து பிடித்தார். அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, மறக்காமல் வலது காலை முதலில் வைத்து, சாப்பாட்டு அறைக்குள் இறங்கினார். நடைபாதையில் நின்ற கூட்டம் கை தட்டியது. நான் சிரித்தபடியே அழுதேன். குசினியில் அம்மா புதிதாகப் பால் காய்ச்சினார். வந்திருந்த அத்தனை பேருக்கும் அதில் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினார்.

பனி விழமுதல் அம்மா சாமான்களோடு வந்துவிட்டார். பழைய வாசலை மீட்பதென்றால் தாராளமாகச் செய்யலாம் என்று மாநகரசபையும் சொன்னது. அடுத்த வசந்தத்தில் திறந்தோம். ஆனால் அம்மா பெரும்பாலும் தெற்கு வாசலால்தான் வந்து போகிறார். பஸ் தரிப்பிடம் அந்தப் பக்கம். கேட்டால், "முதல் வந்தது கிழக்கால. இனி எதால வந்தாலென்ன?" என்கிறார்.

ஆண்டுதோறும் கோடையில் அந்தக் கூட்டம் வரும்போது தேத்தண்ணி தயாராக இருக்கும். எங்கள் வீட்டை யாராவது தெருவில் நின்று உற்றுப் பார்த்தால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. நான் எத்தனையோ நியாயம் சொல்லியும் உள்ளே கூட்டிவர முடியாத அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவந்தவரும் அப்படித் தெருவில் நின்று பார்த்த ஒருவர்தானே.