பதினொரு முறை எழுதிய வார்த்தை

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மூலையக்கா. குழந்தைகள் நலத்துறையின் சந்திப்பு அறையில், மூலை நாற்காலியில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். பெற்றோரிடமிருந்து பிரித்துக் காப்பகத்தில் வைத்திருக்கும் பிள்ளைகளை, வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பெற்றவர்கள் அங்கே வந்து பார்க்க விடுவார்கள். நடப்பதைப் பார்த்துப் படிவத்தில் எழுதுவதுதான் அவள் வேலை. பார்க்க வருகிறவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி.

"இப்படியே சுவரோட சுவரா உக்காந்திருந்தா, ஒருநாள் உங்களுக்கும் சேத்து வெள்ளையடிச்சிருவாங்க அக்கா" என்பான் காவலாளி.

"அப்பவாவது பளிச்சுனு இருப்பேன், போடா."

அந்த விதியை அவள் மீறியது ஒரே ஒரு தடவை. தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒருத்தி, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஐந்து வயது மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஷிப்டுக்குப் போயிருந்தாள். அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, பிள்ளை காப்பகத்துக்குப் போனது. முதல் சந்திப்பு முடிந்ததும், தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிறுமி கத்திய கத்தல் மாடி வரை கேட்டது. பிய்த்துத்தான் எடுத்தார்கள். படிக்கட்டில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்து மூலையக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"இந்தாம்மா, பிள்ளை இப்படி அழுதா, நீ வர்றதுதான் அதைக் கெடுக்குதுன்னு மேல சொல்லிருவாங்க. சமாதானப்படுத்தி அனுப்பப் பாரு."

தாய் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து சிறுமி அழவில்லை. மணி அடித்ததும் தானே செருப்பை மாட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"அந்த அத்தை என்னம்மா எழுதுறாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நீ சமத்தா இருக்கேன்னு எழுதுறாங்க."

அப்படி நினைத்துத்தான் மூலையக்காவும் எழுதினாள். 'பிரியும்போது' என்ற கட்டத்தில், பதினொரு வாரமும்: அழவில்லை.

பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் குழு கூடியது. படிவங்களைப் படித்த அதிகாரி, தாயிடம் பிள்ளைக்கு ஒட்டுதல் இல்லை, வேறு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கலாம் என்று முடிவெழுதினார்.

மூலையக்கா மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். "சார், அது நான் சொல்லிக்குடுத்தது சார். பிள்ளை அடக்கிக்கிட்டுப் போகுது."

"இதை எங்க எழுதியிருக்கீங்க?" அவர் தாள்களைப் புரட்டிக் காட்டினார். "பதினோரு தடவை உங்க கையெழுத்து. விதியை மீறிப் பேசினேன்னு வேற சொல்றீங்க. நான் காதுல வாங்கல, போங்க."

நடந்ததை எழுதியும் கொடுத்தாள். அவளுக்கு மெமோ வந்தது, முடிவு மாறவில்லை.

கடைசிச் சந்திப்பில் தாய் மகளுக்குத் தலை பின்னி முடித்து, பிரித்து, மறுபடி பின்னினாள். மணி அடித்தது.

"அழுடா கண்ணு. இன்னைக்கு அழு. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"மாட்டேன். அழுதா அடுத்த வாரம் விடமாட்டாங்க."

சிறுமி செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போனவள், முதல் முறையாகத் திரும்பி மூலையைப் பார்த்தாள்.

"அழல அத்தை. எழுதிக்கோங்க."