நாற்பத்தாறு வயது மாறன்

பிரேமிளாவின் குரல் பதினொரு வயதோடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் வளர்ந்தது, இடுப்பு கொஞ்சம் கூடுதலாகவே வளர்ந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். முருங்கனுக்கு அருகே ஒரு கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் அவள் எழுதுவினைஞர். தொலைபேசியை எடுத்தால் முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, பெரியாக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

யாழ்ப்பாணத்திலிருந்து சிவப்பரிசி விசாரிக்க அழைப்பெடுத்த நிறோஜனும் அப்படித்தான் கேட்டான்.

"நான்தான் பெரியாள். நாப்பத்தாறு வயசு. சொல்லுங்கோ."

அவன் அரிசியை மறந்துவிட்டு, "அக்கா, 'புயலே, முடிஞ்சா வந்து பார்' எண்டு ஒருக்காச் சொல்லுவீங்களோ?" என்றான்.

வெறிகாரன் யாரோ என்று அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அவன் மறுபடி எடுத்து விளக்கினான். சக்கைபோடு போட்ட ஒரு கடல் சாகசப் படத்தைச் சிறுவருக்கான கார்ட்டூன் தொடராக்கியிருந்தார்கள். தமிழ்க் குரல் கொடுக்கும் வேலை அவனுடைய சின்னக் கலையகத்துக்குக் கிடைத்திருந்தது. ஓர் ஆமையோடு கட்டுமரத்தில் தீவு தீவாய்ப் போகும் கதாநாயகன் மாறனுக்கு வயது பத்து. பொடியளைப் பேசவைத்தால் அரை மணித்தியாலத்தில் விளையாடப் போய்விடுகிறார்களாம்.

மாறன் எதற்கும் பயப்படாதவன். பிரேமிளாவோ மன்னார்ப் பாலத்தில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் என்று கண்ணை மூடிக்கொள்கிறவள். கடலில் கால் நனைத்ததுகூட இல்லை. மலைநாட்டிலிருந்து வந்து இங்கே வயல் செய்த தாய் பேச்சியம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கரப்பானக் கண்டா கட்டில்ல ஏறுற நீயாடி திமிங்கிலத்தோட சண்ட போடப் போற?"

போட்டாள். சனிக்கிழமைகளில், நிறோஜனின் கலையகத்தில், சுவரெங்கும் போர்வை தொங்கும் ஓர் அறையில். இரைச்சல் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். மாறன் ஓடினால் அவளும் நின்ற இடத்திலேயே ஓடவேண்டும். வியர்வையில் சேலை ஒட்ட, "வழியை விடு!" என்று திமிங்கிலத்தை அதட்டுவாள். வெளியே வந்ததும், "தம்பி, பஸ் ஸ்ராண்ட் மட்டும் ஆரும் கூட வருவீங்களோ? சந்தியில நாய் நிக்குது" என்பாள்.

தொடர் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. விடத்தல்தீவில் சிறுவர் நூலகம் ஒன்றை நடத்தும் மாக்கிறட் ரீச்சர், பிள்ளைகளைப் பார்க்க வரும்படி கூப்பிட்டார். புதுச் சேலை, தலையில் பூ என்று பிரேமிளா ஒரு நட்சத்திரமாகவே போய் இறங்கினாள். ஆறு வயதுப் பெற்றிசியா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாறன் எங்க? நீங்கள் அவன்ர அம்மாவோ?"

நட்சத்திரம் அந்த இடத்திலேயே அணைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "புயலே, முடிஞ்சா வந்து பார்!" என்றாள். ஒரு பிள்ளை அவளுடைய கதிரைக்குப் பின்னால் போய்த் தேடியது.

"நீங்கள்தான் மாறன் எண்டா வள்ளத்தில ஏறுங்கோ," என்றாள் பெற்றிசியா. "எங்கட அப்பான்ர வள்ளம் நிக்குது. மாறனுக்குப் பயமில்லைத்தானே?"

மறுத்திருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது: "எனக்கென்ன பயம்?"

பெற்றிசியாவின் தகப்பன் பிரேமிளாவுக்கு மிதவை அங்கியை மாட்டிவிட்டார். ரீச்சரும் பெற்றிசியாவும் கூட ஏறினார்கள். தண்ணீரில் வேரூன்றிய கண்டல் மரங்களின் ஓரமாக வள்ளம் ஐம்பது மீற்றர் போயிருக்காது, ஒரு சின்ன அலை தட்டியது. "ஐயோ அம்மா!" என்று பிரேமிளா போட்ட கூச்சலில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. நடிப்பென்று நினைத்துக் கரையில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். தகப்பன் தண்ணீரில் இறங்கி நின்று காட்டினார்.

"பாருங்கோ அக்கா, இடுப்பளவுதான்."

"உங்கட இடுப்போ, என்ர இடுப்போ?"

ரீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெற்றிசியா சிரிக்கவில்லை. நகர்ந்து வந்து பிரேமிளாவின் கையைப் பிடித்தாள்.

"பயப்பிடாதேங்கோ மாறன். முதல் நாள் நானும் அழுதனான்," என்று காதுக்குள் சொன்னாள். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அந்தக் கையை விடாமல் பிரேமிளா கண்டல் காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பாதி வழியில் கண்ணையும் திறந்தாள்.

அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகத்தில் மாறனுக்குப் பதின்மூன்று வயதாகி, குரல் உடைந்துவிட்டது. இனி ஆண்குரல்தான் வேண்டும் என்று நிறோஜன் தயங்கித் தயங்கிச் சொன்னான். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் வளர்த்த பிள்ளை தன்னை விட்டுவிட்டு வளர்ந்துபோனது போலிருந்தது. மூன்றாம் நாள் அவளே நிறோஜனுக்குத் தொலைபேசி எடுத்து, வேறு ஏதும் பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டாள். ஓர் ஆமைக்குஞ்சு இருந்தது. வசனம் குறைவு, கீச்சிடல் அதிகம். ஒப்புக்கொண்டாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நூலகத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறாள். வாசித்து முடிந்ததும் பெற்றிசியா அவளை வள்ளத்துக்குக் கூட்டிப்போகிறாள். மிதவை அங்கியைப் பிரேமிளா நூலக வாசலிலேயே மாட்டிக்கொள்கிறாள். கடற்கரைக்கு அங்கிருந்து கால் மைல்.