உகாண்டா அம்மாவுக்கு ஒரு மனு

எங்கள் ஊரில் யார் காரில் வந்து இறங்கினாலும் கையில் ஒரு மனுவைக் கொடுத்துவிடுவார்கள். வந்தவர் கலெக்டரா, கால்நடை டாக்டரா என்றெல்லாம் விசாரிப்பதில்லை. விக்கிரமங்கலத்துக் கல்யாணத்துக்கு வழி கேட்க நின்ற ஒரு காருக்குள்ளும் ரோடு கேட்டு மனு போயிருக்கிறது. எழுதுவது பெரும்பாலும் நான்தான். ஆறாம் வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியிருந்தேன், அந்தத் தலைக்கனம் வேறு.

ஆகவே உகாண்டாவிலிருந்து ஒரு அம்மா வருகிறார் என்றதும் அப்பா என்னைக் கூப்பிட்டு வெள்ளைத்தாளை நீட்டியதில் அதிசயமில்லை. அவர் வந்தது என் அத்தையைப் பார்க்க. அத்தை செந்துறைப் பக்கத்து ஊர்களில் அடிபம்பு ரிப்பேர் பார்க்கிறவள். உகாண்டாவில் வெளிநாட்டுப் பணத்தில் ஊர் ஊராக அடிபம்பு போட்டார்களாம். போட்டவர்கள் கிளம்பிப் போனதும் ஒவ்வொன்றாக நின்றுவிட, பெண்கள் மறுபடியும் குட்டைத் தண்ணீருக்கே போகிறார்களாம். இங்கே பெண்களே பம்பைக் கழற்றி மாட்டுவதைக் கேள்விப்பட்டு, பார்த்துக் கற்றுக்கொள்ள வருகிறார். அவரை அழைத்துவர இருந்த திருச்சி அண்ணன் இதை இரண்டு முறை விளக்கினார். எங்கள் தெருவின் காதில் விழுந்தது வெளிநாட்டுப் பணம் என்பது மட்டும்தான்.

மேல்நிலைத் தொட்டி ஒன்று வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எட்டிப் பார்த்த அத்தை, கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். "புதுசா ஒண்ணும் போட வேணாம், இருக்கிற பம்புக்கு நேரத்துக்கு வாஷர் குடுத்தாப் போதும்னு எழுது." அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவரிடம் போய்த் தோல் வளையத்தைக் கேட்பதா என்று எனக்கு மானம் போயிற்று. பொடி எழுத்தில் எழுதி வைத்தேன்.

அத்தைக்கோ வேறு கவலை. வாஷர் தேய்ந்து எங்கள் தெருப் பம்பு நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. யூனியன் ஆபீஸில் கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். தண்ணீர் வராத பம்பை வைத்துக்கொண்டு விருந்தாளிக்கு எதைக் காட்டுவது? அவர் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் பக்கத்துத் தெருப் பம்பைக் கழற்றி, அதன் வாஷரை எடுத்து எங்கள் பம்பில் போட்டாள். ஒரே நாள்தான், நாளைக்கே மாட்டித் தந்துவிடுகிறேன் என்று அந்தத் தெருக்காரர்களிடம் கெஞ்சியிருந்தாள். தொட்டி வந்தால் இரண்டு தெருவுக்கும்தானே என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். எங்கள் பம்புக்கு நீலப் பெயிண்டும் அடித்தாயிற்று.

உகாண்டா அம்மா தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தார். நான் அவருடைய ஷூவையும் நகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ அத்தையின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்பு அதே இடத்தில் இருந்தது.

அத்தை குழாய்களை மேலே இழுத்து, வாஷரைக் கழற்றிக் காட்டினாள். அவர் அதை விரலால் தடவினார். புதுப் பெயிண்டையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். திருச்சி அண்ணன் தயங்கித் தயங்கித்தான் அதைத் தமிழில் சொன்னார்.

"இதை எந்தப் பம்புலேருந்து எடுத்தீங்கன்னு கேக்குறாங்க."

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. கேள்விக்குப் பதில் தெரிந்தால் சொல்லிவிடும் பள்ளிக்கூடப் புத்தி எனக்கு. பக்கத்துத் தெருவைக் கையால் காட்டிவிட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பணம் கொடுத்தவர்கள் பார்க்க வரும் நாளில் தங்கள் ஊரிலும் இதே வேலைதான் நடக்கும் என்றாராம். அப்புறம் அவரே வாஷரை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு நடக்க, ஊரே பின்னால் போனது. அத்தையும் அவருமாக அந்தப் பம்பில் அதை மாட்டினார்கள். வெயில் ஏறுவதற்குள் அங்கே தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் பம்பு பளபளவென்று சும்மா நின்றது.

கிளம்பும்போது அப்பா மனுவைக் கொடுத்தார். அதைத் திருச்சி அண்ணன் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்ட அவர், கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்லித் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரும்பப் படித்தும் பார்த்தார்.

வீடு வரும்வரை நான் பொருமிக்கொண்டே வந்தேன். தொட்டியை விட்டுவிட்டு வாஷரை மட்டும் எழுதிக்கொண்ட அந்த அம்மாவைப் போல் ஒரு கஞ்சத்தை நான் பார்த்ததில்லை என்று அத்தையிடம் சொன்னேன்.

"அது நமக்குக் குடுக்க எழுதலடி, அவங்க ஊருக்குக் கேக்க எழுதிக்கிட்டாங்க" என்றாள் அத்தை.

எனக்கு ஆத்திரம் இன்னும் கூடிவிட்டது. அவ்வளவு பெரிய நாட்டிலிருந்து வந்து, எங்கள் மனுவைப் பார்த்துக் காப்பி அடித்துவிட்டுப் போகிறாரே என்று நினைத்தேன்.