எஸ்தர் அக்கா தட்டிய பட்டன்

நேற்று காலை ஒரு புகார் வந்தது. மொத்தமே நான்கு சொற்கள்: "சர்வர் ஸ்லோ. அர்ஜென்ட். ப்ளீஸ்." இப்போது நான் இருப்பது மென்பொருள் விற்கிற கம்பெனியில், இப்படி வரும் புகார்களைப் படிக்கிற நாற்காலியில். பக்கத்து சீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு சொல்லில் எழுதுகிறவர் சோம்பேறியாக இருக்க வேண்டியதில்லை, பயந்துபோன ஆளாகவும் இருக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன்.

என் முதல் வேலை ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனியில். குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ். பாலாற்றுப் பாலம் தாண்டும்போது ஜன்னல் வழியாகத் தோல் வாடை வரும். புதிதாக வந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கோ அந்த வாடை வந்ததும் கை சில்லிட்டுப் போகும், இன்றைக்கும் சர்வர் படுத்துவிடுமோ என்று. இன்றும் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் ஒரு நிமிடம் எனக்கு அப்படித்தான் ஆகிறது. வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

சிஸ்டம் அட்மின் என்று பெயர். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவதும் மேனேஜருடைய மவுஸைத் துடைத்துத் தருவதும் அதில் அடக்கம். ஆனால் சர்வரும் என் பொறுப்பு. எந்தப் பெட்டியில் எந்த அளவு ஷூ என்ற கணக்கெல்லாம் அதில்தான். ஹாலில் வரிசை வரிசையாக இருந்த கம்ப்யூட்டர்கள் அதோடு பேசும், லேபிள் அச்சாகும். லேபிள் இல்லாமல் பெட்டி கன்டெய்னரில் ஏறாது. கன்டெய்னர் போகாவிட்டால் கப்பல் காத்திருக்காது.

அந்த சர்வரின் மெமரி காலையிலிருந்து ஏறிக்கொண்டே போகும், இறங்காது. சாயந்திர டீ மணிக்கு முன்னால் நான் யாருக்கும் தெரியாமல் அதை ரீஸ்டார்ட் செய்துவிடுவேன். இரண்டு நிமிடம் எல்லாத் திரையும் நிற்கும். "நெட்வொர்க் போச்சு" என்பேன். நான் பார்த்துக்கொள்ளும் மெஷின் தினமும் சாகிறது என்று தெரிந்தால் என்னை வைத்திருப்பார்களா? ஆறு மாதம் முடிந்து நிரந்தரம் ஆகாத வேலை. வீட்டில் அப்பாவின் பவர்லூம் பாதி நாள் நின்றுகிடந்த காலம். அந்தப் பயத்தில் தினமும் பொய் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என் சாமர்த்தியம் பலிக்காது. நான் கை வைப்பதற்கு முன்பே சர்வர் படுத்துவிடும். லாரி வாசலில் நிற்கும், லேபிள் வராது. லேபிள் மேசையில் இருந்தவர் எஸ்தர் அக்கா. பதினைந்து வருஷம் தையல் லைனில் இருந்து, கண் மங்கிய பிறகு உட்கார்ந்து செய்கிற இந்த வேலைக்கு வந்தவர். திரை உறைந்ததும் பாவம், என்டர் பட்டனைத் தட்டுவார், தட்டுவார், தட்டிக்கொண்டே இருப்பார்.

மேனேஜர் அன்வர் சார் ஒரு வெள்ளிக்கிழமை என் அறைக்குள் வந்தார். நல்ல மனிதர்தான், அன்று முகம் கறுத்திருந்தது.

"இன்னாமா இது, வாராவாரம் பேஜாரு? அந்தம்மா பட்டன தட்டித் தட்டித்தானே மாட்டிக்கிது?"

நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை, வெறுமனே தலையாட்டினேன். திங்கட்கிழமை எஸ்தர் அக்காவை பேஸ்டிங்குக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு, தோலை ஒட்டுகிற சொல்யூஷன் பசை தடவுகிற வேலை.

லேபிள் மேசைக்கு வேறு பெண் வந்தாள். அந்த வெள்ளியும் சர்வர் படுத்தது. புது ஆள், பழக்கம் இல்லை என்றார்கள். எனக்குத்தான் இரவெல்லாம் தூக்கம் இல்லை. மென்பொருள் கொடுத்த சென்னை கம்பெனிக்கு "சர்வர் ஹேங். அர்ஜென்ட்" என்று எழுதினேன். முரளி என்று ஒருவர் போன் செய்தார்.

"எங்க ஆபீஸ்ல ஒரு வாரமா ஓட்டிப் பாத்துட்டோம், ஒண்ணும் ஆகல. நீங்க நடுவுல ரீஸ்டார்ட் பண்றீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப காலையிலேர்ந்து ஹேங் ஆகிற வரைக்கும் மெமரி எப்படி ஏறுதுன்னு எழுதி அனுப்புங்க. எதையும் தொடாதீங்க."

தொடாமல் இருப்பதா? அன்று முழுவதும் நோட்டும் பேனாவுமாக சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கால் மணிக்கு ஒரு தடவை எழுதினேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் என்று நினைத்திருந்தது தப்பு. வேலை நேரத்தில் மெமரி அசையவில்லை. ஒவ்வொரு இடைவேளை முடிந்ததும் ஒரே தாவாகத் தாவியது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எஸ்தர் அக்காவைத் தேடிப் போய்க் கேட்டேன், மணி அடித்ததும் எல்லோரும் ப்ரோகிராமை மூடிவிட்டுத்தானே எழுந்திருப்பீர்கள் என்று.

"எங்க மூடறது கண்ணு? பெல் அடிச்சா மெயின ஆஃப் பண்ணிடுறாங்களே. திரும்பி வந்தா மறுபடியும் மொதல்லேர்ந்து பேர் போட்டுத்தான் உள்ள போறோம். வெள்ளிக்கிழம ஜும்மா தொழுகைக்காக ரெண்டு பேட்ச்சா சாப்பிடுறதால இன்னொரு வாட்டி ஜாஸ்தி. இத முன்னாடியே சொன்னேன், யாரு கேட்டா?"

எப்போதோ ஒருத்தி விரலில் ஊசி ஏறியதிலிருந்து, இடைவேளை மணி அடித்தால் ஹால் முழுவதற்கும் மெயின் சுவிட்சை இறக்குவது அங்கே வழக்கம். தையல் மெஷினோடு கம்ப்யூட்டர்களும் அணையும். அவை அணைந்தது, என் அறையில் தனி லைனில் ஓடிய சர்வருக்குத் தெரியாது. போனவர்கள் எல்லாம் உள்ளேயே இருக்கிறார்கள் என்று நம்பி அவர்களுக்கான இடத்தைப் பிடித்து வைத்திருக்கும், திரும்பி வந்தவர்களுக்குப் புதிதாக இடம் கொடுக்கும். சென்னை ஆபீஸில் யார் மெயினை இறக்குவார்கள்?

அன்று சாயந்திரம் உருப்படியான ஒரு புகார் எழுதினேன். நாங்கள் என்ன செய்கிறோம், எந்த மணிக்கு, அதற்குப் பிறகு மெமரி எவ்வளவு, எவ்வளவு இருந்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஏன் மோசம், எல்லாம் வரிசையாக. கடைசியில் ஒரு வரி: "தினமும் நான்தான் ரீஸ்டார்ட் செய்துவந்தேன், இல்லை என்று சொன்னது பொய். லேபிள் மேசையில் இருந்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை."

இதுபோன்ற கடிதங்களுக்கு அன்வர் சாருக்கு ஒரு நகல் போக வேண்டும் என்பது கம்பெனி விதி. அவர் பெயரைத் தட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அழித்துவிட்டு அனுப்பினேன்.

பத்தே நாளில் முரளி சரிசெய்து கொடுத்துவிட்டார். என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, "இப்படி எழுதினா எங்க வேலை பாதி முடிஞ்ச மாதிரி" என்று மட்டும் சொன்னார். அன்வர் சார் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். வேலை நிரந்தரமானது.

அந்த வாரம் கேட்டில் எஸ்தர் அக்கா எதிரே வந்தார். விரல்களில் சொல்யூஷன் காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது.

"சரியாய்டுச்சாமே கண்ணு? நல்லதாப் போச்சு. நான் அங்க இல்லாததாலதான் சரியாச்சுன்னு சொல்லிக்கிறாங்க. இருக்கும், நான் கொஞ்சம் வேகமாத்தான் தட்டுவேன்."

நான் சிரித்துவைத்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் வேறு வேலை கிடைத்து நான் போய்விட்டேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கம்பெனி இல்லை. ஹாலை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். எதிர்க் கடையில் விசாரித்தேன். அன்வர் சார் காலமாகிவிட்டாராம். எஸ்தரா, எந்த எஸ்தர், இங்கே எத்தனையோ பேர் வேலை பார்த்தார்களே என்றார் கடைக்காரர். அக்கா எங்கேயோ இருந்தால், அந்த மெஷின் தன் கையால்தான் கெட்டது என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பார். இல்லை என்று சொல்ல இப்போது எனக்குப் பயமே இல்லை. சொல்வதற்கு அவரைத்தான் காணோம்.