அக்காவின் விரலுக்குக் கேட்ட சத்தம்

அந்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் கல்லடியில் ஒரு வீட்டுக்காரர் கனடா போகும்போது எனக்குத் தந்துவிட்டுப் போனவை. இடுப்பளவு உயரம், தேக்கு மேற்பலகை. ஒருமுறை வெள்ளத்தில் நின்றதால் அடிப்பக்கம் ஊதிப்போயிருந்தது. முன்துணியைக் கழற்றி, உள்ளே இருந்த கடதாசிக் கூம்பைத் தொட்டேன். அதைச் சுற்றியிருந்த ஸ்பொன்ச் வளையம் மாவாக உதிர்ந்தது.

கொழும்பிலிருந்து புது வளையங்கள் எடுப்பித்து நானே ஒட்டினேன். பாட்டுப் போட்டால் ஒன்று நன்றாகப் பாடியது, மற்றது கரகரத்தது. எங்கே பிழை என்று பிடிபடவில்லை. கழற்றி ஒட்டி, திரும்பவும் கழற்றி ஒட்டி, கடைசியில் மூலையில் தள்ளிவைத்தேன்.

அக்கா என்னோடுதான் இருக்கிறார். கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களாக அவருக்குக் காது போய்க்கொண்டே வந்து, இப்போது மிஷின் போட்டாலும் பக்கத்தில் நின்று பேசினால்தான் கேட்கும். அவரிடம் இந்தப் பெட்டிகளைப் பற்றிப் பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் கரகரத்த பெட்டியைத் திரும்பவும் எடுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே வந்து பக்கத்தில் குந்தினார்.

“என்ன செய்யுது?”

“கரகரக்குது.”

கூம்பின் மேல் இரண்டு விரலை வைத்து, மெல்ல அமத்தி விட்டார். திரும்பவும் அமத்தினார். கண் மூடியிருந்தது.

“வலப்பக்கம் உள்ளுக்கு உரசுது தம்பி. நீ கோணலா ஒட்டியிரிக்காய்.”

நானும் விரல் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் வளையத்தைப் பிரித்து, கூம்பின் நடுத்தொப்பியை பிளேட்டால் வெட்டி எடுத்தார். தன்னுடைய பழைய எக்ஸ்ரே படத்தைக் கீற்றுகளாக நறுக்கி, கூம்பின் அடியில் இருந்த கம்பிச்சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையில் சுற்றிவர ஒரே அளவாகச் செருகினார். சுருள் அசையாமல் நடுவில் நின்றது. அதன் பிறகுதான் பசை தடவினார். மறுநாள் கீற்றுகளை உருவி, தொப்பியைத் திரும்ப ஒட்டி, விரலை வைத்துப் பார்த்து, “இப்ப சரி” என்றார். போட்டுப் பார்த்தேன். துளிக் கரகரப்பில்லை.

மரவேலையும் அவர் கைக்கே போனது. ஊதின இடத்தைச் செதுக்கி, பசையூட்டி, இறுக்கிக் கட்டினார். மரத்தின் ரேகை போகும் பக்கமாகவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மாரியில் பொலிஷ் அடித்தால் பக்கத்து வாவியின் ஈரத்துக்கு வெள்ளை பூத்துவிடும் என்று, வறண்ட கச்சான் காற்றுக் காலம் வரும்வரை பொறுத்திருந்தார். கச்சானோ புழுதியை அள்ளிக்கொண்டு வரும். ஆகவே விடியற்காலையில், காற்று எழும்புமுன் ஒரு பூச்சு. அன்றைக்கு அவ்வளவுதான். எனக்கு அந்தப் பொறுமை ஒரு நாளும் வந்ததில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தேன்.

முடிந்த அன்று ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். அக்கா பெட்டியின் முகப்பில் உள்ளங்கையை வைத்தார்.

“எப்பிடி இரிக்கு?” என்று காதோரம் கேட்டேன்.

“மேளம் முழுசா வருது. நாயனம் கைக்கு வரல்ல.” கொஞ்சம் கழித்து, “நல்லா அடிக்கிறான். சத்தத்தக் குறைக்காத” என்றார்.

இப்போது பின்னேரங்களில் கதிரையைப் பெட்டியோடு ஒட்டிப் போட்டு, முதுகைச் சாய்த்துக்கொண்டு இருப்பார். விரல்கள் மடியில் தாளம் போடும். பிசகாது.