மடித்த இடத்தில் மட்டும்

ஹமீது நானா இன்று காலை தவறிவிட்டார். அவர் மகள் வாட்ஸ்அப்பில் சொன்னாள்.

அறுபதுகளில் புக்கிட் தீமா பக்கம் ஒரு ரப்பர் கம்பெனி. நானா அங்கே லேப் டெக்னீஷியன், நான் ஸ்டோர் கிளார்க்.

கடலுக்கடியில் வேலை செய்கிறவர்களுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸ்கள் என் ஸ்டோரில்தான் இருக்கும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான்தான் அவற்றை இரண்டாக மடித்து, ஸ்டோருக்குள் ஓடும் மோட்டார் பக்கத்து ஆணிகளில் தொங்கவிட்டேன்.

சில வாரத்தில் வெடிப்பு விழ ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை. மடிப்பில் மட்டும், பிளேடால் கீறிய மாதிரி… காலையில் கதவைத் திறந்தால் கூடுதலாக இரண்டு கீறல் இருக்கும்.

பேக்கிங் முருகாயி வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினாள். நான் தனியாக உள்ளே போவதையே விட்டுவிட்டேன்.

நானா வந்து ஒரு ஹோஸை எடுத்து நிமிர்த்தினார். ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. திரும்ப மடித்தார். வாய் வாயாகத் திறந்தது.

“பேய் இல்ல லா. மடிச்சு வச்சா அந்த எடத்துல ரப்பர் மாலிக்யூல் எல்லாம் இழுபட்டு நிக்குது. மோட்டார் தீப்பொறியில வர்ற ஓசோன் வாயு அங்க இருக்கற பிணைப்பத்தான் அறுத்துப் போடும். நேரா கிடந்தா இப்படி வெடிக்காது.”

பேயே பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

“இதுல எதுவும் வெளிய போயிருக்கா?” நானா கேட்டார்.

ஒன்று போயிருந்தது. அன்று காலைதான், துறைமுகத்துக்கு. நிமிர்த்திப் பார்த்தேன், நன்றாக இருந்தது, கொடுத்துவிட்டேன்… அதை மாட்டிக்கொண்டு இறங்குவது என் அண்ணன்.

துறைமுகத்துக்கு லைன் கிடைக்கவில்லை. நானா கம்பெனி லாரியில் ஏறிப் போனார். நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அழக்கூட வரவில்லை.

மூன்று மணிக்கு மணி அடித்தது. “மேல ஏத்தியாச்சு தங்கச்சி.” அவ்வளவுதான் சொன்னார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், “கீழ காத்து நல்லாத்தானே வந்துச்சு… அந்த பாய் எதுக்கு அப்படிக் கத்தினாரு?”

நான் ரசம் ஊற்றினேன். 

நானா எழுதிய ரிப்போர்ட்டில் ‘வைத்த விதம் தவறு’ என்று மட்டும் இருந்தது. வைத்தவள் பெயர் இல்லை. கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு இப்போது எண்பத்தாறு வயது. பேத்தி இந்தப் பதிவைப் படித்துக் காட்டும்போதுதான் அவருக்கே தெரியவரும்.

நானா, நிம்மதியாகத் தூங்குங்கள். நானே சொல்லிவிட்டேன்.